வெறுங்கழுத்து

கிணுங் என்றொரு சத்தம். வெள்ளி, எவர்சில்வரில் விழும் சத்தம். பித்தளையில் விழுந்தால் வேறு; அதில் ஒரு முனகல் கொஞ்ச நேரம் தங்கும். எவர்சில்வரில் அப்படியில்லை. சட்டென்று எழுந்து சட்டென்று ஒன்றுமில்லாமல் போகும், தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நகர்ந்துபோனதுபோல.

செஞ்சிக் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் நின்றிருந்தேன். கஞ்சி வடிக்க ஒரு தட்டு வாங்கப் போனவள். கடைக்காரப் பெண் வீங்கிய கால்விரலிலிருந்து மெட்டியைப் பிதுக்கிப் பிதுக்கிக் கழற்றி, விற்க வைத்திருந்த கிண்ணம் ஒன்றில் போட்டாள். அவ்வளவுதான். வெயிலும், பஸ்களின் ஹாரனும், எதிர்க்கடையில் மணிலாக்கொட்டை விலை கேட்டுக்கொண்டிருந்தவர்களின் குரல்களும் மெல்லப் பின்னால் நகர்ந்துபோயின. நான் மறுபடியும் பச்சைத் திரைக்கு முன்னால் நின்றேன். கையில் தேங்காய் எண்ணெய். எதிரில் ஒரு பெண். அவள் முகத்தில், எதையோ ஓடும் தண்ணீரில் விடப்போகிறவளின் கலக்கம்.

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தேன். ஐம்பதைத் தாண்டியதும், இனிமேல் ஸ்டிரெச்சரில் யாரையும் தூக்கிப் போடாதே என்று முதுகு சொல்லிவிட்டது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இப்போது தியேட்டரில் இருக்கும் பெண்களில் ஒருத்தி அன்று மாலையே போன் செய்தாள். ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் நகைகளை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்துவிடுகிறார்களாம். முதல் நாளே ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொல்லிவிடுகிறார்களாம். "அப்பல்லாம் நீங்களே உக்காந்து ஒண்ணொண்ணா கழட்டுவீங்களாமே, அது இன்னா கதைன்னு எழுதிக் குடுங்களேன் சிஸ்டர்" என்றாள். கேட்டது அவள். ஆனால் எழுத உட்கார வைத்தது அந்தக் கிணுங்தான் என்று நினைக்கிறேன்.

நர்ஸிங் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடுதி, வெள்ளை உடை, மனப்பாடம், கால்வலி. எலும்புகளின் பெயர்களெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். அந்த எலும்புகளின்மேல் மனிதர்கள் எதை அணிகிறார்கள், ஏன் அணிகிறார்கள் என்பதைப் பாடத்தில் வைக்கவில்லை. அதைச் செஞ்சியில், கோட்டை மலைகள் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், தியேட்டருக்கு முன்னாலிருந்த அறையில் படித்தேன்.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். ராஜகிரிக் கோட்டைமலை முழுதாகத் தெரியாது. அதன் தோள் மட்டும் தெரியும். பாறைமேல் பாறை, அதன்மேல் இன்னொரு பாறை, எல்லாம் இப்போதுதான் உருண்டு வந்து மூச்சு வாங்க நின்றதுபோல. அவற்றுக்கிடையே மதில் வளைந்து கிடக்கும். காலை வெயிலில் அது மலை அணிந்த சங்கிலி. எத்தனை ராஜாக்கள் வந்து போயும் யாராலும் கழற்ற முடியாத சங்கிலி என்று நினைத்துக்கொள்வேன். ஸ்டிரெச்சரில் படுத்திருப்பவர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கத்திக்கு முன்னால் அவர்கள் பார்க்கும் கடைசி வெளியுலகம் அது.

ஏன் கழற்ற வேண்டும்? ரத்தக் கசிவை நிறுத்தச் சதையைச் சுடுகிற மின்கருவி ஒன்று உண்டு. உடம்பில் உலோகம் இருந்தால் அந்தச் சூடு வழிதவறி அங்கே போய்ச் சுட்டுவிடலாம். கை வீங்கினால் மோதிரம் விரலை நெரிக்கும். மூக்குத்தி மயக்கக் குழாயில் மாட்டும். காரணங்கள் இவ்வளவுதான், எவரும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்ட பிறகுதான் கை கழுத்துக்குப் போகும், அங்கேயே நின்றுவிடும்.

தியேட்டர் பொறுப்பு நிர்மலா சிஸ்டரிடம் இருந்தது. என்னைவிட வயதில் இளையவர், பதவியில் மூத்தவர். வாயில் எப்போதும் நாலு சோம்பு. எங்களிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையும் கிள்ளுவதுபோல இருக்கும். கத்தரிக்கோலைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டால், "உங்க வீட்ல அரிவாமனையில தலை வாருவீங்களா ஆரோக்கியம்?" என்று என்னைக் கேட்பார். ஆனால் அந்த அறைக்குள் வந்து, நகையோடு காத்திருக்கும் ஒருத்தியின் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார் என்றால் வேறு ஆள். "கழட்டுங்க" என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்றுமே சொல்லாமல் முதலில் தன்னுடையதைக் கழற்றுவார். கைக்கடிகாரம். இரண்டு வளையல். பிறகு தலையைச் சாய்த்து ஒரு கம்மல், மறுபக்கம் சாய்த்து இன்னொரு கம்மல். எல்லாவற்றையும் கிண்ணத்தில் போடுவார். கிணுங், கிணுங். பிறகு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு எதிரிலிருப்பவளின் காலைப் பிடிப்பார்.

காலில் தொடங்கி, கழுத்தைக் கடைசிக்கு விடவேண்டும். அது அவர் முறை. காலைத் தொட விட்டவள்தான் கழுத்தைத் தொட விடுவாள் என்பார். மெட்டி, கொலுசு, வளையல், மோதிரம், மூக்குத்தி, கம்மல். வழியெல்லாம் பேச்சு. இது யார் போட்டது, எந்த ஊர் ஆசாரி, எப்போது அணிந்தது. கேட்கக் கேட்க அந்தப் பெண் சொல்லிக்கொண்டே வருவாள். நகை கழன்று வருவதும் கதை கழன்று வருவதும் ஒன்றாக நடக்கும். கண்ணாடி வளையல் இறங்காவிட்டால் கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டி, அதன்மேல் எண்ணெய் தடவி வழுக்க விடுவோம். வளையலை உடைக்கவே கூடாது. உடைந்த வளையலின் சத்தம் பெண்களுக்கு எந்த நாளை ஞாபகப்படுத்தும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மோதிரத்துக்கு ஒரு வித்தை உண்டு. நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் விட்டுவிட வேண்டும். மறு நுனியை மோதிரத்தை ஒட்டி, விரல் மூட்டைத் தாண்டும்வரை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். வீங்கிய சதை அடங்கும். பிறகு உள்ளங்கைப் பக்கத்து நுனியைப் பிடித்து மெதுவாக அவிழ்த்தால், அவிழ அவிழ மோதிரம் நூலின்மேல் ஏறி நகர்ந்து வரும். ஒரு கொத்தனார், குடலிறக்கத்துக்கு வந்தவர், கல்யாணத்தில் போட்ட மோதிரம் அப்படி ஊர்ந்து வெளியே வருவதை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மோதிரம் இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு வளையம். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதான் சிஸ்டர் எங்கம்மா பெத்த கலரு. மீதியெல்லாம் வெயிலு குடுத்தது" என்றார்.

தாலிக்குத்தான் முறை கெடுபிடியானது. தங்கத்தை எடுப்பதற்கு முன்னால் மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்துக் கட்ட வேண்டும். கணவனோ தாயோ கட்டலாம். மஞ்சள் கழுத்தில் ஏறிய பிறகுதான் தங்கம் இறங்கும். ஆபரேஷன் முடிந்து திரும்பினால், தங்கம் ஏறிய பிறகுதான் மஞ்சள் இறங்கும். நடுவில் ஒரு நொடிகூடக் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டை டாக்டர்களும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள், நூல் சுடாது. எங்கள் கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள், தாலியில் சிலுவையோ புறாவோ பதித்திருப்பவர்கள், அவர்களும் மஞ்சள் கயிறு கேட்டுத்தான் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். கழுத்துக்கு மதம் தெரியாது.

அந்த அறையில் இருந்து இருந்து எனக்கு ஒன்று புரிந்தது. நகை என்பது பொருள் பாதி, இடம் பாதி. தங்கத்தை இடுப்புக்குக் கீழே இறக்கமாட்டார்கள், காலுக்கு வெள்ளிதான். அதே கறுப்புக் கயிறு இடுப்பில் இருந்தால் ஒன்று, குழந்தையின் கையில் இருந்தால் இன்னொன்று. மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயிலின் வாசலில் கல்லில் நிற்கும் இரண்டு காவலர்களைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பார்த்திருக்கிறேன். மழுங்கிப்போன மார்பிலும் மாலையின் தடம் இருக்கிறது, காதில் கனம் இருக்கிறது. ஆண்களின் கழுத்து எப்போது, யார் சொல்லி இப்படி வெறுமையானது? தெரியாது. பெண்களின் கழுத்துக்கு மட்டும் அந்த அனுமதி ஏன் இல்லை என்றும் தெரியாது. இப்படி எதையாவது யோசித்துக்கொண்டு கையில் எண்ணெயோடு நிற்பேன். நிர்மலா சிஸ்டர் கிள்ளுவார்.

பூங்காவனம் வந்தது ஒரு மாசி மாதத்தில். தளவானூர்க்காரி. கழுத்தில் கட்டி, வருடக்கணக்காக வளர்ந்து, முகவாய்க்கும் மார்புக்கும் நடுவில் ஒரு தேங்காய் மூடியைக் கவிழ்த்ததுபோல இருந்தது. மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது என்று படமெடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார். மல்லாந்து படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்துதான் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு உள்ளே போகும்போது, புல்லாங்குழலில் பழக்கமில்லாதவன் ஊதுவதுபோல மெல்லிய சீழ்க்கை. இனித் தள்ளிப்போட முடியாது. வெளியூரிலிருந்து வரும் சர்ஜன் அன்று காலை வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

கட்டி கழுத்தில். கத்தி வைக்கப்போவது கழுத்தில். மஞ்சள் நூல்கூட அங்கே இருக்க முடியாது. கழுத்து ஆபரேஷன்கள் எங்களுக்கு அபூர்வம்; வந்தபோதெல்லாம் மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டி அனுப்பிவிடுவோம், யாரும் மறுத்ததில்லை.

அன்று நிர்மலா சிஸ்டர் வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டார். தன் வளையல், தன் கம்மல். மெட்டி வந்தது, கொலுசு வந்தது, மூக்குத்தியின் திருகாணியை நான் உள்பக்கமிருந்து சின்னக் குறட்டால் பிடித்துக்கொள்ள, அதுவும் வந்தது. பூங்காவனம் பேசிக்கொண்டேதான் இருந்தாள், சீழ்க்கையும் பேச்சுமாக. கழுத்துக்கு வந்தோம். நான் கிண்ணத்தை அவள் மார்புக்கு நேரே நீட்டினேன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். அப்படியே எழுந்துவிட்டாள். மெட்டியில்லாத வெறுங்காலோடு திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், தாழ்வாரத்து பெஞ்சில், புருஷன் ஏழுமலையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கையாலும் தாலியைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரியவில்லை. கூட வந்திருந்த நாத்தனார்தான், ஏழுமலையின் அக்கா, சொன்னாள். அவர்கள் வீட்டில் புருஷன் செத்தால் கருமாதியன்று தாலியை எடுத்து ஒரு கிண்ணத்துப் பாலில் போடுவார்களாம். பூங்காவனத்தின் அண்ணிக்கு அப்படிச் செய்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். இத்தனை வருடமாக எத்தனை பெண்களின் மார்புக்கு நேரே அந்தக் கிண்ணம் நீண்டிருக்கும். அவர்களும் அந்தப் பாலைப் பார்த்திருப்பார்களோ, பார்த்தும் பேசாமல் இருந்தார்களோ.

நிர்மலா சிஸ்டர் கிண்ணத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தார். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டலாம் என்றார். பூங்காவனம் தலையாட்டினாள், முடியாது என்று.

"கையில கட்டுனா அது காப்பு. இடுப்புல கட்டுனா அரணாக்கவுறு. கழுத்துல இருந்தா தான் தாலிங்க."

நாத்தனார் பல்லைக் கடித்தாள். "எங்க தம்பி குத்துக்கல்லாட்டம் எதிர்ல தான குந்திக்கினு இருக்குது. யாரு செத்துட்டாங்கன்னு இப்ப இத்தினி ராங்கி? மூச்சுக்கு இழுத்துக்கினு கெடக்குற, இதுல சட்டம் பேசுற."

ஏழுமலை கிணறு வெட்டும் ஆள். எங்கள் பக்கத்தில் கிணறு என்றால் மண்ணைத் தோண்டுவது கொஞ்சம், பாறையை உடைப்பது மீதி. குழி போட்டு, வெடிமருந்தைத் திணித்துக் கிட்டித்து, திரியில் நெருப்பு வைத்துவிட்டு மேலே ஏறி வர வேண்டும். கூட்டத்தில் நெருப்பு வைக்கிறவர் ஒருவர்தான், ஏழுமலைதான் அது. புருவத்திலும் காதுமடலிலும் கல்தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது, குளித்தாலும் போகாதது.

பூங்காவனம் அவரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துச் சொன்னாள். விட்டுவிட்டு, மூச்சை எடுத்து எடுத்து. அவர் இறங்கும் நாட்களில் எந்தத் திசையில் வெட்டு என்று கேட்டுவைத்துக்கொள்வாளாம். வேட்டுச் சத்தம் வருகிறவரைக்கும் தாலியை உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சத்தம் வந்து, அது மலைகளில் மோதித் திரும்பி வந்து, அதன் பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையைத் திறப்பாள். அண்ணியும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நிற்பாளாம், அண்ணனும் அதே வேலை. எங்கோ டவுனில் ஸ்கேன் எடுக்கக் கழற்றி வைத்தாள். அந்த வாரமே அண்ணன் கிணற்றை விட்டு ஏறி வரவில்லை.

"இது எங்கழுத்த உட்டு எறங்குனா அது கெணத்த உட்டு மேல ஏறி வராதுங்க" என்றாள். "எனக்கு மூச்சு நின்னா நிக்கட்டும்."

எதை வைத்து எதைக் காப்பாற்றுவது? தியேட்டர் கதவு திறந்து, சர்ஜன் ஆள் எங்கே என்று கேட்டனுப்பினார். மயக்க மருந்து டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என் கழுத்தில் கிடந்தது ஒரு மெல்லிய செயின், அதில் சின்னச் சிலுவை. கல்யாணம் என் பக்கம் வரவில்லை. பூங்காவனம் அதைப் பார்த்த பார்வையிலேயே, உனக்கு இது விளங்காது சிஸ்டர் என்று இருந்தது. பிறகு நிர்மலா சிஸ்டர் பக்கம் திரும்பினாள். அவருடைய தாலி உடைக்குள் இருந்தது, கயிறு மட்டும் பின்கழுத்தில் தெரிந்தது. எல்லா நகையையும் முதலில் தான் கழற்றுகிறவர். அதை மட்டும் ஒரு நாளும் கழற்றியதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

"நீங்க கழட்டுவீங்களா?" என்று பூங்காவனம் கேட்டாள்.

நிர்மலா சிஸ்டர் சோம்பை மெல்வதை நிறுத்தினார். பொய் சொல்லியிருக்கலாம். ஆபரேஷன் என்றால் கழட்டுவேன் என்று எந்த நர்ஸும் சொல்லியிருப்பாள். அவர் "மாட்டேன்" என்றார்.

வெளியே வேப்பமரத்திலிருந்து சருகுகள் உதிர்ந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றும் தரைக்கு வர மனமில்லாததுபோலச் சுழன்று சுழன்று. ஏழுமலை எழுந்து வந்து பெண்டாட்டியின் எதிரில் தரையில் குந்தினார். தலையைக் குனிந்து கொடுத்தார், கோயிலில் பூசாரிக்கு முன்னால் குனிவதுபோல.

"எங்கழுத்துல போடு" என்றார். "கழுத்துல இருந்தா தான தாலி? இதுவும் கழுத்து தான?"

நாத்தனார் வாயில் கை வைத்துக்கொண்டாள். நிர்மலா சிஸ்டர் மட்டும் அதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டார். அவர் கண் உடனே கயிற்றின் நீளத்தை அளந்தது. ஒரு நொடிகூட வெறுமை கூடாது என்பது எங்கள் முறை. அப்படியானால் அவள் கழுத்தில் இருக்கும்போதே அது ஏழுமலை கழுத்திலும் இருக்க வேண்டும். இரண்டு தலைக்கு அந்த வளையம் போதாது. மஞ்சள் நூல்கண்டைக் கொண்டுவரச் சொன்னார். நல்ல நீளமாக வெட்டி, அதன் ஒரு முனையைத் தாலிக்கயிற்றில் முடிச்சுக்கு இந்தப் பக்கமும், மறு முனையை அந்தப் பக்கமும் கட்டச் சொன்னார். கட்டிய பிறகு பழைய முடிச்சை அவிழ்த்தால் வளையம் அறுபடாது, பெரிதாகும், அவ்வளவுதான். ரத்தக்குழாயை வெட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் மாற்றுவழி தைப்பதுபோல.

ஆனால் முடிச்சில் யார் கை வைப்பது? நான் கை நீட்டினேன், பூங்காவனம் பின்வாங்கினாள். கல்யாணத்தில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவன் உடன்பிறந்தவள்தான் போடுவாள். அந்த உரிமைக்காரி பக்கத்திலேயே நின்று திட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"அன்னைக்கு மணையில நின்னு போட்ட முடிச்சு" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "எங்கையாலயே அவுக்கச் சொல்றீங்களே."

புது நூலை முதலில் கட்டிவிட்டு அவிழ்த்தால் அது அவிழ்ப்பதாகாது என்று நிர்மலா சிஸ்டர் எடுத்துச் சொன்னார். அவள் பூங்காவனத்தின் பின்னால் போய் நின்றாள். விரல்கள் கல்வேலை செய்த விரல்கள், தடித்தவை. ஆனால் கழுத்துச் சதையைத் தொடாமல் அந்த நூலைக் கட்டினாள். பிறகு பழைய முடிச்சை நகத்தால் கிளறினாள். வருடக்கணக்கான மஞ்சளும் வியர்வையும் எண்ணெயும் ஊறி அது கல்லாகியிருந்தது. நான் விளக்கெண்ணெயைத் தொட்டு வைத்தேன். அவிழ்ந்தபோது பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டாள். வளையம் அறுபடவில்லை. மஞ்சளாக, பெரிதாக, தொளதொளவென்று விரிந்தது. ஏழுமலை தலையை உள்ளே நுழைத்தார்.

அந்தக் காட்சியை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன். ஒரே கயிற்றுக்குள் இரண்டு கழுத்துகள். இரண்டு நெற்றிகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டிருந்தன. தங்கம் இருவருக்கும் நடுவில், யாருடைய மார்பையும் தொடாமல், அவளுடைய மூச்சில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. உதடு அசைந்தது. பிறகு அவள் கட்டியைக் கையால் அணைத்துக்கொண்டு தலையை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தாள். கயிறு அவள் முகவாயை, மூக்கை, நெற்றியைத் தடவிக்கொண்டு போய் அவர் பக்கம் விழுந்தது. வெறுங்கழுத்தோடு, யாரும் பிடிக்காமல், தானாகத் தியேட்டருக்குள் நடந்து போனாள்.

ஆபரேஷன் நீளமாகப் போனது. கட்டி மூச்சுக்குழாயின் பின்பக்கமாக இறங்கியிருந்தது. குரலுக்குப் போகும் நரம்பு அதன் ஓரத்தில் ஒட்டிக்கிடந்தது. சர்ஜன் நூல் பிரிப்பதுபோலப் பிரித்தெடுத்தார். ஒரு முறை ரத்தம் கிளம்பி எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். பஞ்சு, கிடுக்கி, பஞ்சு. நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எனக்குள் ஓடிய ஜெபம் யாருக்கானது என்று தெரியவில்லை. உள்ளே இருப்பவளுக்கா, வெளியே குந்தியிருப்பவருக்கா. முடிந்து, குழாயை எடுத்தபோது அவள் மூச்சு விட்டாள். சீழ்க்கை இல்லை. அந்த அறையில் அதுவரை கேட்ட எல்லாச் சத்தங்களிலும் அந்தச் சத்தமின்மைதான் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

மயக்கம் தெளிந்ததும் அவள் கை கழுத்துக்குப் போனது. கட்டுத் துணி. கண்ணில் அந்தப் பழைய பயம் எழுந்தது. ஏழுமலையை வார்டுக்குள் கூட்டிவந்து கட்டில் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் மேல் பொத்தானைத் திறந்து காட்டினார்.

தையல் பிரிக்கிறவரைக்கும் அவள் கழுத்தில் எதுவும் போடக்கூடாது. அதனால் அது அவர் கழுத்திலேயே இருந்தது. தாழ்வாரத்து பெஞ்சில் அதற்கொரு திருவிழா. டீ வாங்கப் போனால், யோவ் யாருக்கு வாக்கப்பட்டே என்று கேட்டார்களாம். பக்கத்துக் கட்டில் நோயாளியின் தம்பி தினமும் ஒரு தடவை, "இன்னா சித்தப்பா, சீமந்தம் எப்ப?" என்பான். ஏழுமலை கோபப்படவில்லை. "எங்க தளவானூர்லயும் ஒரு குடைவரக் கோயிலு கீது, அது வாசப்படியில ரெண்டு பேரு நிக்கிறானுங்க, பாத்திருக்கியா? உங்க ஆத்தாவ விட நெறைய நகை போட்டுக்கினு தான் நிக்கிறானுங்க. எவன்னா சிரிக்கிறானா?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பையன் அவருக்கும் சேர்த்து டீ வாங்கிவந்தான்.

கிணற்று மேஸ்திரி ஒரு நாள் தேடிக்கொண்டு வந்தார். மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு கிணற்றில் குழி போட்டு மருந்து கிட்டிக்கவேண்டிய நிலையில் வேலை நிற்கிறது, ஏழுமலை வந்தால்தான் ஆகும். அரை நாள் போய்விட்டு வந்துவிடலாம் என்றார். ஏழுமலை கழுத்தைத் தொட்டுக் காட்டினார். சட்டைக்குள் போட்டுக்கொண்டு வரச் சொல்லிச் சிரித்தார் மேஸ்திரி. வெட்கத்துக்காக இல்லை என்று சொல்லி ஏழுமலை அவரை அனுப்பிவிட்டார். மேஸ்திரி போன பிறகு, கட்டு மாற்ற வந்த என்னிடம், நான் கேட்காமலே சொன்னார்.

"இத்தினி வருசம் இது மேல அவ கையில இருந்துது, நான் கீழ எறங்குனேன். இப்ப எங்கழுத்துல கெடக்குது. இத்தயும் போட்டுக்கினு நானே எறங்கிட்டா, மேல யாரு சிஸ்டர் புடிச்சிக்கினு நிக்கிறது?"

பூங்காவனம் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மல்லாந்து. தூங்குகிறாள் என்றுதான் நினைத்தோம்.

குரல் திரும்ப நாளாகும் என்றிருந்தார் சர்ஜன். காற்றும் கரகரப்புமாக ஓரிரு சொல்தான் வந்தது. அதனால் பெரும்பாலும் கையாலேயே பேசினாள். தையல் பிரித்த அன்று காயம் ஒரு மெல்லிய கோடாக, கழுத்தை ஒட்டிய அட்டிகைபோல வளைந்து கிடந்தது. நிர்மலா சிஸ்டர் கண்ணாடியைக் காட்டினார். அவள் விரலை அதன்மேல் வைக்காமல், காற்றிலேயே அந்தக் கோட்டின் வழியாக ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும் நேரம். மெட்டி, கொலுசு, மூக்குத்தி எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தோம், ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். நாத்தனார் பையைத் தூக்கிக்கொண்டு, தளவானூர் பஸ் போய்விடும் என்று அவசரப்படுத்தினாள். அவசரப்படுத்திக்கொண்டே புதுக் கயிறு ஒன்றை மஞ்சளில் நனைத்துத் தயாராக வைத்திருந்தாள், முடிச்சுப் போட. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். யாரோ ஒருவர் எங்கிருந்தோ கொஞ்சம் பூ கொண்டுவந்து நாத்தனார் கையில் கொடுத்தார்.

ஏழுமலை சட்டைப் பொத்தானைத் திறந்தார். கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கப் போனார். பூங்காவனம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். தாலியை அவர் மார்பிலேயே இறக்கிவிட்டு, சட்டையை இழுத்து மூடி, பொத்தானைத் தானே போட்டாள். ஏன் என்று அவர் கேட்டார். ஊரில் என்ன சொல்வார்கள் என்று நாத்தனார் கேட்டாள். நானும் ஏதோ கேட்டேன் போலிருக்கிறது. அவள் அவர் முகத்தைப் பார்த்து, கரகரப்பும் காற்றுமாக வந்த அந்தப் புதுக் குரலில் சொன்னாள்:

"இருக்கட்டும் மாமா. இது உங்கழுத்துல கெடந்தா தான் நீ கெணத்துல எறங்கமாட்டேன்ற."